முதல் முறையாக மெட்டா அனாலிசிஸ் செய்யப் போகிறவர்களுக்கு

காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியைச் சோதித்த இரண்டு ஆய்வுகளை எடுத்துக்கொள்வோம். 1948-இல் வெளியான ஒன்றில் மொத்தம் 262 பேர். ஊசி போட்ட 123 பேரில் 4 பேருக்குக் காசநோய் வந்தது, போடாத 139 பேரில் 11 பேருக்கு வந்தது. 1980-இல் வெளியான மெட்ராஸ் சோதனையில் இரு பக்கமும் தலா 88,391 பேர். போட்டவர்களில் 505 பேருக்கும் போடாதவர்களில் 499 பேருக்கும் நோய் வந்தது. முதல் ஆய்வை நம்பினால் ஆபத்து பாதிக்கும் கீழே இறங்குகிறது. இரண்டாவதை நம்பினால் ஊசி போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால், 262 பேருக்கும் ஒன்றேமுக்கால் லட்சம் பேருக்கும் ஒரே மதிப்புக் கொடுத்ததாகிவிடும். சரி, எல்லா ஆய்வுகளின் ஆட்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி எண்ணலாமா? அதுவும் தப்பு. இதே தொகுப்பில் இன்னொரு சோதனையில் ஊசிக் குழுவில் 2,545 பேர் இருக்க, எதிர்ப்பக்கம் 629 பேர் மட்டுமே இருக்கிறார்கள். அவர்களை அப்படியே கலந்தால், அந்தந்த ஆய்வுக்குள் செய்யப்பட்ட ஒப்பீடு குலைந்துவிடும். ஒவ்வொரு ஆய்வுக்குள்ளும் முதலில் ஒப்பிட்டு, அந்த ஒப்பீடுகளை எடைபோட்டுச் சேர்ப்பதுதான் மெட்டா அனாலிசிஸ். பெயரை 1976-இல் வைத்தவர் ஜீன் கிளாஸ். வேலை அதைவிடப் பழையது, கார்ல் பியர்சன் 1904-லேயே டைபாய்டு தடுப்பூசி முடிவுகளை இப்படிச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த பிசிஜி தரவையே வைத்துக்கொள்கிறேன். 13 சோதனைகள், 3,57,347 பேர். கோல்டிட்ஸ் குழுவினர் 1994-இல் அலசிய தொகுப்பு இது. இலவசமாகக் கிடைக்கிறது, நீங்களும் கூடவே செய்து பார்க்கலாம்.

ரிக்ரஷனில் தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். ரிக்ரஷனை ஒரு பாடமாகவும் மெட்டா அனாலிசிஸை வேறொரு பாடமாகவும் படித்துவிடுகிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே கணக்கு. ஒன்றில் அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒரு ஆள், இன்னொன்றில் ஒவ்வொரு வரியும் ஒரு ஆய்வு. இது மனதில் பதிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

ரிக்ரஷன் என்பது புள்ளிக் கூட்டத்தின் நடுவே கோடு போடுவது. எந்தக் கோட்டிலிருந்து புள்ளிகளின் செங்குத்து விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் மிகக் குறைவாக வருகிறதோ, அந்தக் கோடு. 1886-இல் பிரான்சிஸ் கால்ட்டன் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் வைத்துப் பார்த்தபோது, மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்பி வருவதைக் கண்டார். ரிக்ரஷன் என்ற பெயர் அந்தத் திரும்பி வருதலிலிருந்து வந்தது.

எந்த வகை ரிக்ரஷன் என்பதை விளைவு தீர்மானிக்கும். ரத்த அழுத்தம், மதிப்பெண் போல அளந்து சொல்வதென்றால் நேர்கோட்டு ரிக்ரஷன். ஆம் அல்லது இல்லை என்றால் லாஜிஸ்டிக். எத்தனை தடவை என்று எண்ணினால் பாய்சான். எவ்வளவு நாள் கழித்து என்றால் காக்ஸ். இந்த நான்கையும் அடையாளம் தெரிந்தாலே, நீங்கள் படிக்கப்போகும் பெரும்பாலான கட்டுரைகளின் அட்டவணைகள் புரியும்.

கோடு போட்டதும் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு ஓடிவிடாதீர்கள், படத்தைப் பாருங்கள். 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் நான்கு சிறு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் சராசரி ஒன்று, ஒட்டுறவு ஒன்று, கோடும் ஒன்று. வரைந்து பார்த்தால் ஒன்று ஒழுங்கான புள்ளிக் கூட்டம், ஒன்று வளைவு, மற்ற இரண்டில் ஒரே ஒரு புள்ளி எல்லாவற்றையும் கெடுத்து வைத்திருக்கிறது. மெட்டா அனாலிசிஸிலும் அந்த ஒற்றைப் புள்ளி வரும். அப்போது அது ஒரு முழு ஆய்வாக இருக்கும்.

எந்த மென்பொருள்

முழுக்க இலவசமாகவும், நாளை வேறொருவர் அப்படியே திரும்பச் செய்யும்படியும் வேண்டுமென்றால் ஆர் மொழியும் அதில் மெட்டாஃபார் என்ற தொகுப்பும். வோல்ஃப்காங் வீக்ட்பவர் எழுதியது. கட்டளை எழுதப் பயமாக இருந்தால் ஜாஸ்ப் அல்லது ஜமோவி. இரண்டும் இலவசம், சுட்டியால் அழுத்தி வேலை செய்யலாம், உள்ளே ஓடுவதும் மெட்டாஃபார்தான். மருத்துவத் துறையில், ஆய்வு மீள்பார்வைகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் ரெவ்மேன் புழங்குகிறது. ஸ்டேட்டாவில் 16-ஆம் பதிப்பிலிருந்து மெட்டா என்ற கட்டளை உள்ளேயே வருகிறது, ஆனால் அது காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். எக்செல்லைத் தரவு பதிய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கணக்கையும் போட்டால், எந்தக் கட்டத்தில் எந்தச் சூத்திரம் நகர்ந்துபோனது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

என் யோசனை: முதல் ஒரு வாரம் ஜாஸ்ப், அப்புறம் ஆர்.

கேள்வியும் தேடலும்

யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவு? நான்கையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் தேடலைத் தொடங்காதீர்கள். எழுதிய பிறகு திட்டத்தைப் பிராஸ்பெரோ போன்ற பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். இது 2011-இல் தொடங்கியது, உடல்நலம் சார்ந்த முறையான ஆய்வு மீள்பார்வைகளுக்கானது. வேறு துறையென்றால் ஓஎஸ்எஃப் தளத்தில் பதியலாம். முடிவைப் பார்த்த பிறகு கேள்வியை மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும், பதிவு அதற்கு ஒரு கடிவாளம்.

தேடலில் கிடைத்தவற்றைச் சலிக்க ரய்யான் போன்ற கருவி உதவும். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, கருத்து மாறினால் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை கிடைத்தன, எத்தனை எந்தக் காரணத்துக்காக விலக்கப்பட்டன என்ற எண்ணிக்கையை அன்றன்றே குறித்துவையுங்கள். மீள்பார்வையை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா வழிகாட்டுதலின் 2020 பதிப்பு கேட்கும் ஓட்டப் படத்துக்கு அது கட்டாயம் வேண்டும். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுத முயன்றால் கூட்டல் உதைக்கும்.

தரவெடுப்பு: தப்பு நடக்கும் இடம்

கணக்கு மாதிரியில் (மாடலில்) வரும் பிழைகளைவிடத் தரவெடுப்பில் வரும் பிழைகள்தான் அதிகம் என்று அடித்துச் சொல்வேன். அதில் முதலிடம் திட்ட விலக்கத்துக்கும் திட்டப் பிழைக்கும் இடையிலான குழப்பத்துக்கு. திட்ட விலக்கம் என்பது ஆட்களுக்கிடையே எவ்வளவு சிதறல் என்பது, திட்டப் பிழை என்பது சராசரி எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பது. கட்டுரைகளில் சராசரிக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டு ஒரு எண் இருக்கும். அது எது என்று பல கட்டுரைகள் அட்டவணையில் சொல்வதே இல்லை. அடிக்குறிப்பிலோ, புள்ளியியல் முறைகள் பத்தியின் கடைசி வரியிலோ ஒளிந்திருக்கும்.

எண்ணாகப் பார்ப்போம். ஒரு குழுவில் 64 பேர், திட்டப் பிழை 1.5. திட்ட விலக்கம் வேண்டுமென்றால் 64-இன் வர்க்கமூலமான 8-ஆல் பெருக்க வேண்டும், அதாவது 12. இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே 6 புள்ளி வித்தியாசம் என்றால், தரப்படுத்திய விளைவு, அதாவது வித்தியாசம் எத்தனை திட்ட விலக்கம் என்பது, 6-ஐ 12-ஆல் வகுத்து 0.5. நடுத்தரமான, நம்பக்கூடிய விளைவு. 1.5-ஐயே திட்ட விலக்கம் என்று எண்ணிப் பதிந்துவிட்டால் 6-ஐ 1.5-ஆல் வகுத்து 4 வரும். மனிதர்கள் மீதான சோதனைகளில் 4 என்பது கிட்டத்தட்ட அதிசயம். நானும் ஒரு முறை இப்படிப் பதிந்துவிட்டு, ஒவ்வொரு ஆய்வையும் ஒரு சதுரமாகக் காட்டும் ஃபாரஸ்ட் பிளாட் படத்தில் ஒரே ஒரு சதுரம் மட்டும் வலது ஓரத்தில் தனியாகப் போய் நிற்பதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன், புதுசாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று. விளைவு 2-ஐத் தாண்டினால் முதலில் மூலக் கட்டுரையைத் திறங்கள்.

இரண்டாவது சிக்கல், கட்டுரையில் திட்டப் பிழையே இல்லாமல் நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை விடை இருக்கக்கூடிய வீச்சு, மட்டும் இருப்பது. லாஜிஸ்டிக் ரிக்ரஷன் செய்த கட்டுரைகள் பெரும்பாலும் இப்படித்தான் தரும். ஆட்ஸ் விகிதம் (நிகழும் வாய்ப்பை நிகழாத வாய்ப்பால் வகுத்து, அதை இரு குழுக்களுக்கிடையே ஒப்பிடும் எண்) 1.50, 95 விழுக்காடு இடைவெளி 1.20 முதல் 1.88 என்று வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் இயல் மடக்கை எடுங்கள்: 0.405, 0.182, 0.631. மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்தால் 0.449. 95 விழுக்காடு இடைவெளியின் அகலம் 3.92 திட்டப் பிழை என்பதால், அதை 3.92-ஆல் வகுத்தால் 0.115. திட்டப் பிழை அதுதான். கூடவே ஒரு சோதனையும் கிடைக்கிறது. இரு எல்லைகளின் மடக்கைகளுக்கு நடுப்புள்ளி, விகிதத்தின் மடக்கைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். இங்கே நடுப்புள்ளி 0.407, சரியாக இருக்கிறது. வெகுவாக விலகியிருந்தால் கட்டுரையில் அச்சுப்பிழையாக இருக்கலாம், அல்லது நீங்கள் வேறு வரியைப் பார்த்துப் பதிந்திருக்கலாம்.

இன்னொன்று: ஒரே ஆய்வில் மூன்று குழுக்கள் இருந்தால், ஒப்பீட்டுக்கான கட்டுப்பாட்டுக் குழுவை இரண்டு தடவை எண்ணிவிடாதீர்கள். ஒரே ஆட்கள் இரண்டு கட்டுரைகளில் வந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

எடைபோடுதல்

இப்போது பிசிஜிக்குத் திரும்புவோம். விகிதங்களை மடக்கைக்கு மாற்றித்தான் சேர்க்க வேண்டும். ஆபத்து பாதியாவதும் இருமடங்காவதும் அப்போதுதான் பூஜ்ஜியத்திலிருந்து சம தூரத்தில் நிற்கும். 1948 ஆய்வின் இடர் விகிதம், அதாவது ஊசி போட்டவர்களின் ஆபத்தைப் போடாதவர்களின் ஆபத்தால் வகுத்தது, 0.41, அதன் மடக்கை −0.889. மெட்ராஸ் சோதனையின் விகிதம் 1.01, மடக்கை 0.012. திட்டப் பிழையின் வர்க்கம் முதலாவதற்கு 0.326, இரண்டாவதற்கு 0.004.

எடை என்பது அந்த வர்க்கத்தின் தலைகீழ். முதல் ஆய்வுக்கு 3, மெட்ராஸுக்கு 252. இதுதான் நிலை விளைவு மாதிரி, அதாவது எல்லா ஆய்வுகளும் ஒரே உண்மை விளைவை அளக்கின்றன என்று கொள்வது. 13 ஆய்வுகளில் மெட்ராஸ் மட்டுமே மொத்த எடையில் 41 விழுக்காட்டைத் தூக்கிக்கொள்கிறது. சேர்த்த விகிதம் 0.65 என்று வருகிறது.

ஆனால் எல்லாம் ஒரே விளைவைத்தான் அளக்கின்றனவா? வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காலம். சமவாய்ப்பு விளைவு மாதிரி, உண்மை விளைவே ஆய்வுக்கு ஆய்வு மாறும் என்று ஒத்துக்கொள்கிறது. அந்த மாறுதலின் அளவு டௌ-ஸ்கொயர், இந்தத் தரவில் 0.313. அதை எல்லா ஆய்வுகளின் வர்க்கத்தோடும் கூட்டிய பிறகுதான் தலைகீழ் எடுக்கிறோம். இப்போது 1948 ஆய்வின் எடை 1.57, மெட்ராஸின் எடை 3.15. எண்பது மடங்குக்கும் மேலிருந்த வித்தியாசம் இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. பெரிய ஆய்வுக்கு 10 விழுக்காடு, சின்னதற்கு 5.

இந்த ஒரு கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிட்டால், எந்த மாதிரியைத் தேர்ந்தெடுப்பது என்பது மென்பொருளின் பொத்தான் சமாச்சாரமாகத் தோன்றாது. சமவாய்ப்பு மாதிரி சிறிய ஆய்வுகளுக்குக் குரல் கொடுக்கிறது. அந்தச் சிறிய ஆய்வுகள் தரமற்றவையாக இருந்தால் அந்தக் குரல் ஆபத்து.

டௌ-ஸ்கொயரைக் கணிக்கப் பல வழிகள். டெர்சிமோனியனும் லெயர்டும் 1986-இல் தந்த வழி இன்னும் பல கட்டுரைகளில் தென்படும். மெட்டாஃபாரின் இயல்புத் தேர்வு ரெமல் என்ற இன்னொரு வழி, அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகள் குறைவென்றால் நம்பிக்கை இடைவெளியைச் சரிசெய்யும் நாப்-ஹார்ட்டுங் திருத்தத்தையும் போடுங்கள். இடைவெளி பெரும்பாலும் அகலமாகும், அது நேர்மையான அகலம்.

முடிவைப் படித்தல்

சமவாய்ப்பு மாதிரி தரும் விடை 0.49, இடைவெளி 0.34 முதல் 0.70. ஆபத்து சராசரியாகப் பாதியாகக் குறைகிறது. பலர் இங்கேயே ஃபாரஸ்ட் பிளாட்டின் அடியில் இருக்கும் வைரக் குறியைப் பார்த்துவிட்டுக் கணினியை மூடிவிடுகிறார்கள். எனக்கு வேலை தொடங்குவதே இங்கேதான்.

ஆய்வுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று அளக்கும் கியூ என்ற எண்ணைப் பாருங்கள். 13 ஆய்வுகளுக்கிடையே தற்செயல் மட்டுமே வித்தியாசம் என்றால் அது சுமார் 12 இருக்க வேண்டும். வந்திருப்பது 152. இதிலிருந்து 12-ஐக் கழித்து 152-ஆல் வகுத்தால் 0.92. இதுதான் ஐ-ஸ்கொயர், 92 விழுக்காடு. 25, 50, 75 என்று ஹிக்கின்ஸ் குழுவினர் 2003-இல் சொன்ன எல்லைகளை எல்லோரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் ஐ-ஸ்கொயர் வேறுபாட்டின் அளவைச் சொல்வதில்லை. கண்ணில் படும் வேறுபாட்டில் தற்செயலால் விளக்க முடியாத பங்கு எவ்வளவு என்று மட்டும் சொல்கிறது. ஆய்வுகள் எல்லாமே மிகப் பெரியவை என்றால், அற்ப வித்தியாசத்துக்குக்கூட ஐ-ஸ்கொயர் 90 காட்டும்.

அளவு தெரிய வேண்டுமென்றால் முன்கணிப்பு இடைவெளியைக் கேளுங்கள். இங்கே அது 0.15 முதல் 1.55 வரை. நாளை புதிதாக ஓரிடத்தில் இதே சோதனையைச் செய்தால், அங்குள்ள உண்மை விகிதம் இந்த எல்லைக்குள் எங்கும் இருக்கலாம். மிகப் பெரிய பாதுகாப்பு முதல், ஒன்றுமே இல்லை என்பதைத் தாண்டி, ஆபத்து கூடுவது வரை எதுவும் நடக்கலாம். இதைக் காட்டாமல் 0.49 என்று மட்டும் எழுதினால் பாதி உண்மையைத்தான் எழுதுகிறோம்.

ஏன் வேறுபடுகின்றன?

ரிக்ரஷன் திரும்பி வருவது இங்கேதான். ஆய்வின் விளைவைச் செங்குத்து அச்சிலும், ஆய்வின் ஒரு பண்பைக் கிடை அச்சிலும் வைத்து, மேலே சொன்ன எடைகளோடு கோடு போட்டால் அது மெட்டா ரிக்ரஷன். பிசிஜி தரவில் அந்தப் பண்பு, சோதனை நடந்த இடத்தின் அட்சரேகை.

கோட்டின் சமன்பாடு: மடக்கை விகிதம் = 0.2515 − 0.0291 × அட்சரேகை. மெட்ராஸின் 13 பாகையைப் போட்டால் −0.127, மடக்கையை நீக்கினால் 0.88. தொகுப்பிலேயே வடக்கோடியில் உள்ள 55 பாகையைப் போட்டால் 0.26. பூமத்தியரேகைக்கு அருகில் 12 விழுக்காடு பாதுகாப்பு, தூரத்தில் 74. டௌ-ஸ்கொயர் 0.313-இலிருந்து 0.076-க்கு இறங்கிவிட்டது, வேறுபாட்டில் முக்கால்வாசியை அட்சரேகை என்ற ஒற்றை எண் விளக்கிவிட்டது. தொடக்கத்தில் முட்டிக்கொண்ட இரண்டு ஆய்வுகளும் இப்போது ஒரே கோட்டின் இருவேறு இடங்களில் நிற்கின்றன.

அட்சரேகை ஊசியை ஒன்றும் செய்வதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். வெப்பமான இடங்களில் மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான கிருமிகளோடு மக்களுக்கு முன்பே பழக்கம் இருப்பது காரணமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஆய்வு நடந்த காலம், முறை என்று வேறு பலவும் அட்சரேகையோடு சேர்ந்தே மாறுகின்றன. ஆய்வுகளைச் சமவாய்ப்பில் யாரும் அட்சரேகைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. ஆகவே மெட்டா ரிக்ரஷன் துப்புத்தான் தரும், தீர்ப்பு தராது.

நோயாளிகளின் சராசரி வயது போன்ற பண்புகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சராசரி வயது கூடிய ஆய்வுகளில் மருந்து குறைவாக வேலை செய்தது என்றால், வயதான ஆளுக்கு அது குறைவாக வேலை செய்யும் என்று ஆகாது. ஆய்வுகளுக்கிடையிலான போக்கு ஆய்வுக்குள் தலைகீழாகவும் இருக்கலாம்.

ஒரு பண்புக்குக் குறைந்தது 10 ஆய்வுகள் என்பது காக்ரேன் கையேடு சொல்லும் கைக்கணக்கு. 13 ஆய்வுகளை வைத்துக்கொண்டு ஏழு பண்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பி மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்ததை மட்டும் எழுதுவது மீன்பிடித்தல். எதைப் பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பதியச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

வெளிவராத ஆய்வுகள்

பயன் இல்லை என்று முடிந்த சிறிய ஆய்வுகள் அச்சேறாமல் மேசை இழுப்பறையிலேயே கிடப்பதுண்டு. புனல் படத்தில் விளைவு கிடையாகவும் திட்டப் பிழை செங்குத்தாகவும் இருக்கும். ஒரு பக்கக் கீழ்மூலை காலியாக இருந்தால் சந்தேகம். எகர் 1997-இல் முன்வைத்த சோதனை, அந்தச் சாய்வை ஒரு ரிக்ரஷன் கோடாகவே அளக்கிறது. பத்து ஆய்வுகளுக்குக் குறைவாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அப்புறம், புனல் சாய்ந்திருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. சிறிய ஆய்வுகளில் நோய் முற்றியவர்களைச் சேர்த்திருந்தாலே விளைவு கூடித் தெரியலாம்.

கடைசியாக, ஒவ்வொரு ஆய்வாக விலக்கிவிட்டுக் கணக்கைத் திரும்ப ஓட்டுங்கள். ஒன்றை எடுத்ததும் முடிவு புரண்டுவிட்டால், அந்த ஆய்வின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள்.

பழகிப் பார்க்க

மெட்டாஃபாரை நிறுவியதும் பிசிஜி தரவும் கூடவே வந்துவிடும், அதன் பெயர் டேட் புள்ளி பிசிஜி (dat.bcg). எஸ்கால்க் (escalc) கட்டளை மடக்கை விகிதங்களைக் கணக்கிட்டுத் தரும், ஆர்எம்ஏ கட்டளை மாதிரியை ஓட்டும், ஃபாரஸ்ட் கட்டளை படம் வரையும். உங்கள் சொந்தத் தரவைத் தொடுவதற்கு முன் இதை ஓட்டி, மேலே சொன்ன எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள். 0.49 வந்தால் சரி. −0.71 வந்தால் மடக்கையை நீக்க மறந்திருக்கிறீர்கள். 0.65 வந்தால் நிலை விளைவு மாதிரியில் இருக்கிறீர்கள். 2.04 வந்தால் எந்தக் குழு ஊசி போட்டது என்பதைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறீர்கள்.